நிழற்படம் கூறுவதும் நோயாளி கூறுவதும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



நுரையீரலைப் போர்த்திருக்கும் மெல்லிய சவ்விலே தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோயைப் படங்கொண்டு அறிவது எவ்வாறு என்பதுபற்றிச் சில கூற விழைகின்றோம். நாம் வைத்தியரல்லோம்; பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணவரே. குறைகாணின் பெரியோர் பொறுத்தருள்வார்களாக.

தென்னாபிரிக்காவின் கிம்பர்லி நகரிலே 1950களில் மார்புநோய் வைத்தியராயிருந்த ஸ்லெக்ஸ் என்பவர் ஒரு புதுமையைக் கண்டார். நெஞ்சில் நீர்கோத்து வந்தோர் காசநோயாளர் என்றே கருதப்பட்டனர். ஆயின் நகருக்குக் கிழக்கேயிருந்து வந்தோர் காசநோய் மருந்தினாற் குணமடைய, மேற்கேயிருந்து வந்தோரிற் பலர் குணமடையவில்லை. மேற்கே நீலக் கல்நார், அதாவது நீல அஸ்பெஸ்டஸ், தோண்டும் சுரங்கங்கள் இருந்தன. 1960 ஆம் ஆண்டில் வாக்னர் என்பவரும் ஸ்லெக்ஸும் மாச்சன்ட் என்பவரும் இப்புற்றுநோய் கொண்ட 33 பேரைப் பற்றி எழுதினர். ஒருவரொழிய ஏனையோர் அக்கல்நாரின் தூசியை ஏற்றிருக்கக்கூடியவர்கள். சுரங்கத்திற் கால்வையாது அயலில் வாழ்ந்தோரும் அவர்களுள் இருந்தனர்.

அதே நாட்டிலே, 1956 இல், கேப் ரவுண் நகரின் குரூட் ஸ்கூர் வைத்தியசாலையிற் பகுதிநேரம் பணிபுரிந்த பௌதிகவியலாளர் அலன் கோமாக் வேறொன்றைச் சிந்தித்தார். சாதாரண எக்ஸ்-கதிர்ப் படத்திலே எலும்பும் நீரும் நுரையீரலும் ஒன்றன்மேலொன்றாய் விழுந்த நிழல்களே தெரியும். பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்தி அளந்தால் உடலின் உட்புறத்தைக் கணித்து வரையலாம் என 1963 இலும் 1964 இலும் அவர் எழுதினார்; அன்று அதனைக் கவனித்தோர் மிகச் சிலரே. இங்கிலாந்தில் ஹவுன்ஸ்பீல்ட் தாமாகவே அத்தகைய கருவியை ஆக்கினார். 1971 ஒக்ரோபரில் முதல் நோயாளி அதிற் படம்பிடிக்கப்பட்டார். 1979 இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இதுவே இன்றைய சி.ரி. படம்.

இந்நோயில் அப்படம் காட்டுவது யாது? ஒருபக்கத்துச் சவ்வு ஒரு சென்ரிமீற்றருக்கு மேலாகவும் தடித்து, முடிச்சு முடிச்சாகி, நுரையீரலைச் சுற்றித் தோடம்பழத்தோல்போல் மூடியிருக்கும். இதயத்தை அடுத்த பக்கத்துச் சவ்வும் தடித்திருக்கும். நீர் பெருகியும் மார்பின் அப்பக்கம் விரியாது சுருங்கி நிற்றலும் உண்டு. நோய் மார்புச் சுவரையோ பிரிமென்றகட்டையோ ஊடுருவியதா என்பதை எம்.ஆர்.ஐ. படம் காட்டவல்லது. கதிரியக்கமூட்டிய சர்க்கரையைப் புற்றுக்கலங்கள் மிகுதியாய் உண்ணுதலைக் காட்டுவது பெற் படம்.

எனினும் எப்படமும் தனித்து நின்று தீர்ப்புக் கூறாது. காசநோயால் அழன்ற சவ்வும் பெற் படத்தில் ஒளிரும். வேறு புற்றுநோய் பரவினும் சவ்வு தடிக்கும். ஊசியை எங்கே செலுத்துவது என்று படம் வழிகாட்ட, எடுத்த இழையத்தை நுணுக்குக்காட்டியில் நோக்கியே நோய் உறுதிசெய்யப்படும்.

இன்னொன்றும் வேண்டும். தூசியை ஏற்றதற்கும் நோய் தோன்றுவதற்கும் இடையே முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிந்துவிடும். இளமையில் எங்கே இருந்தீர், என்ன தொழில் செய்தீர் என்று வைத்தியர் கேட்டாலன்றி அக்காலம் எந்தப் படத்திலும் முழுமையாய் விழாது. ஸ்லெக்ஸுக்கு வழிகாட்டியது நோயாளரின் ஊரேயன்றோ! நோயை அறிவதோடு அதன் காரணத்தையும் அறிக என்று வள்ளுவர் வகுத்த முறையும் இதுவே.

இளைஞர்களே, இது நமக்குத் தூரத்துக் கதையன்று. நம் நாட்டு வீடுகள் பலவற்றின் கூரைச் சீற்றுகளிலும் கல்நார் உண்டு. அது பெரும்பாலும் வெள்ளைக் கல்நாராயினும் அதுவும் புற்றுநோய் விளைப்பதே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு. கூரையில் உடையாது கிடக்கும் சீற்றிலும், அதை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் தூளே பெரிதும் அஞ்சத்தக்கது. சிரமதானத்தின்போது பழஞ்சீற்றை வாளால் அறுக்கத் துணியாதீர்கள். பெரியோர்களே, முன்னாளில் அத்தொழில் செய்தவராயின், வைத்தியர் கேளாவிடினும் நீங்களே அதைச் சொல்லுங்கள். எந்தக் கருவியும் காட்டவியலாத அச்செய்தி உங்களிடமே உள்ளது.