கொழும்பைப் பார்த்து நிற்கும் ஊர்



தூத்துக்குடிக்கு வேலை மாற்றலாகி வருகிறவர்கள், சாமான்களை இறக்கி வைத்த கையோடு கேட்கிற முதல் கேள்வி, “பீச் எந்தப் பக்கம்?” என்பதுதான். ஊர்க்காரர்கள் வழி சொல்லிவிடுவார்கள். கடற்கரைச் சாலையில் ரோச் பூங்கா பக்கம் போய் நின்றால் கடல் தெரியும். அலையைத்தான் தேட வேண்டும். மெரினாவிலும் திருச்செந்தூரிலும் கால் நனைத்துப் பழகியவர்கள், ‘இது கடலா, குளமா?’ என்று சலித்துக்கொண்டு திரும்புவார்கள்.

காரணம் எதிரே இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் கரையோரம் ஆழம் குறைவு. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன; அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். அதற்கும் அப்பால் இலங்கை. வங்கக் கடலின் வேகமெல்லாம் இங்கே வந்து சேர்வதற்குள் பாதி அடங்கிவிடுகிறது.

இந்த ஆழமின்மைதான் ஊரின் வரலாற்றையே எழுதியது. பழைய துறைமுகத்துக்குள் பெரிய கப்பல் வர முடியாது. கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். பஞ்சு மூட்டையானாலும் பயணியானாலும் தோணியிலோ படகிலோ ஏறித்தான் கப்பலுக்குப் போக வேண்டும். அந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியது, 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகம். கப்பல்கள் அமைதியாக நிற்பதற்காக, வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய நான்கு நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் கல்லைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். துறைமுகத்தை ஒட்டிய முயல் தீவும் இப்போது கரையோடு சேர்ந்த இடமாகிவிட்டது. காணும் பொங்கலன்று குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோற்றோடு அங்கே போவது ஊர் வழக்கம்.

ஊருக்குப் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. சென்னை இங்கிருந்து சுமார் 600 கிலோமீட்டர். கொழும்போ கடல்வழியில் சுமார் 280 கிலோமீட்டர்தான். ஒரு காலத்தில் இந்த ஊர் சென்னைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொழும்பைப் பார்த்தே பிழைத்தது. 1876இல் மணியாச்சியிலிருந்து ரயில் பாதை வந்து சேர்ந்தது. ரயிலில் வந்து இறங்கியவர்கள் இங்கிருந்து கப்பலேறிக் கொழும்புக்குப் போனார்கள். இலங்கையின் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போன ஆயிரக்கணக்கான தமிழர்கள் தாய்மண்ணைக் கடைசியாக மிதித்ததும் இந்தக் கரையில்தான். 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் வழி திறந்த பிறகே அந்தப் பயணிகள் கூட்டம் வடக்கே நகர்ந்தது.

வ.உ.சிதம்பரம் பிள்ளை ஏன் இந்த ஊரிலிருந்து கப்பல் விட்டார், ஏன் கொழும்புக்கு விட்டார் என்பது இந்தப் பின்னணியில்தான் விளங்கும். பணம் புரளும் வழித்தடம் அது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் பிடியில் இருந்தது. 1906இல் வ.உ.சி.யின் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. அடுத்த ஆண்டு ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. ஏறினால் போதும் என்று இலவசமாக ஏற்றிக் கையில் குடையும் கொடுத்ததாக இன்றைக்கும் சொல்கிறார்கள். கப்பலோடு வ.உ.சி. நிற்கவில்லை. 1908 பிப்ரவரியில் இந்த ஊரின் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார். மார்ச் 12ஆம் தேதி கைதானார். அவருடைய கப்பல் கம்பெனி அதன்பின் எழவே இல்லை. அவர் 1936இல் காலமானதும் இதே ஊரில்தான். இன்று துறைமுகத்துக்கு அவர் பெயர்.

நம் காலத்திலும் ஒரு முயற்சி நடந்தது. 2011 ஜூனில் ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற பயணிகள் கப்பல் இங்கிருந்து கொழும்புக்குப் புறப்பட்டது. அந்த வருடம் முடிவதற்குள் நின்றுபோனது. நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பது தோணி. பழைய துறைமுகப் பக்கம் போனால் பெரிய மர வயிறோடு அவை நிற்பதைப் பார்க்கலாம். முன்பு பாய்மரம் மட்டும். இப்போது எஞ்சினும் உண்டு. காய்கறி, வெங்காயம், கட்டுமானப் பொருட்கள் என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் கடலுக்குப் போகாமல் கரையில் கிடந்து பழுது பார்த்துக்கொள்கின்றன. கன்டெய்னர் கப்பல் ஓடுகிற இந்தக் காலத்தில் மரக்கலம் கட்டி அயல்நாட்டுக்குச் சரக்கு அனுப்புகிற ஊர்கள் எத்தனை இருக்கும்? சுற்றுலாக் கையேடுகள் இதை விட்டுவிட்டுப் பூங்காக்களைப் பற்றி எழுதுவது வேடிக்கைதான்.

ஊருக்கு ‘முத்துநகர்’ என்று பெயர். சென்னைக்குப் போகிற ரயிலின் பெயரும் முத்துநகர் எக்ஸ்பிரஸ். ஆனால் முத்து எங்கே விற்கிறது என்று கேட்டு அலைய வேண்டாம். இந்தக் கடலில் அரசு நடத்திய கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. கடலடிப் பாறைத்திட்டுகளான பார்களில் சிப்பி அதற்குப் பிறகு அந்த அளவுக்கு விளையவில்லை. ஒரு ஆறுதல்: 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தில் விஞ்ஞானிகள் உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள்.

முத்து போனாலும் சங்கு இருக்கிறது. சங்கு குளிக்கும் ஆட்கள் இன்றும் படகேறிப் போகிறார்கள். திரேஸ்புரம் பக்கம் விசாரித்தால் தெரியும். அவர்கள் எடுக்கிற சங்கு கடைசியில் போய்ச் சேருமிடம் வங்காளம். அங்கே கல்யாணமான பெண்கள் கையில் வெள்ளைச் சங்கு வளையல் போடுவது மரபு. கொல்கத்தா மணப்பெண்ணின் கையில் இருப்பது மன்னார் வளைகுடாச் சங்காக இருக்கலாம்.

சந்தையில் கடைப்பலகைகளைப் படித்துக்கொண்டு நடந்தால் பர்னாந்து, மச்சாடோ, ரொட்ரிகோ, கொரைரா, மோத்தா என்று வரும். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பரதவ மக்கள், இந்தக் கடலின் ஆதிக் குடிகள். 1530களில் போர்த்துக்கீசியர் காலத்தில் கிறிஸ்தவம் தழுவியபோது வந்து ஒட்டிக்கொண்ட குடும்பப் பெயர்கள் அவை. அவர்களின் தலைவர்களுக்குப் பாண்டியபதி என்று பட்டம். அவர்களில் ஒருவர் 1806இல் பனிமய மாதாவுக்குத் தங்கத்தேர் செய்து ஓட்டியதால் ‘தேர்மாறன்’ என்றே பெயர் பெற்றார். மாதா கோயிலின் திருவிழா ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5இல் முடியும். தங்கத்தேர் மட்டும் வருடா வருடம் வராது, சிறப்பான ஆண்டுகளில்தான். ஆலயத்தின் 300ஆம் ஆண்டான 2013இல் ஓடியது. பிறகு 2023இல் ஓடியது.

ஊரைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடப்பது உப்பு. குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டில் அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு இந்தப் பகுதியில். கடல்நீரைப் பாய்ச்சித்தான் உப்பெடுக்கிறார்கள் என்று எல்லோரும் நினைப்போம். இங்கே பல உப்பளங்களுக்கு நீர் வருவது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து. நிலத்தடி நீரே அவ்வளவு கரிப்பு. பாத்தியில் கட்டிய நீர் வெயிலில் காய்ந்து இறுகியதும் பலகையால் வாருகிறார்கள். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும் என்பதால் விடியுமுன்பே ஆணும் பெண்ணும் அளத்தில் இறங்கிவிடுகிறார்கள். வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் வெயிலின் கூச்சம் கண்ணைக் கெடுக்கும். காலில் வெடிப்பு ஆறாது. வடகிழக்கு மழை தொடங்கினால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அந்த மாதங்களுக்கு அரசு நிவாரணத் தொகை தரத் தொடங்கியது 2022இல்தான். ராஜம் கிருஷ்ணன் இந்த அளத்து வாழ்க்கையைக் களமாக வைத்து ‘கரிப்பு மணிகள்’ நாவலை எழுதினார். ஊருக்கு வந்த முதல் மாதத்திலேயே அதைப் படித்துவிடுவது நல்லது.

கடைசியாகச் சாப்பாடு. தூத்துக்குடியில் பெயர்ப்பலகையில் ‘நைட் கிளப்’ என்று பார்த்தால் பதற வேண்டாம். அது பரோட்டாக் கடை. சாயங்காலம் கல் சூடேறும். குடும்பத்தோடு தாராளமாகப் போகலாம். ஊருக்குத் திரும்புகிறவர்கள் வாங்கிப் போவது மக்ரூன். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, இவ்வளவுதான் சரக்கு; ஐரோப்பிய மக்ரூனில் பாதாம் இருக்கும் இடத்தை இங்கே முந்திரி பிடித்துக்கொண்டது. வாயில் போட்டால் கரையும். காற்றுப் பட்டால் நமுத்துவிடும்; அதனால் கடையில் கொடுக்கிற பொட்டலத்தை வீட்டுக்குப் போனதும் இறுக மூடும் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.