சுட்ட மண்ணும் பச்சை மண்ணும்



கோலா சாவாத் தோட்டங்களில் ரப்பர்ப்பால் ஏந்தும் கோப்பையை 'மங்கு' என்பர். 'மங்கோக்' என்னும் மலாய்ச் சொல்லின் சாயல் அதில் உண்டென்பது நம் கருத்து. மங்கு ஒரே துண்டாக ஆனது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது, துண்டு துண்டாக உருவாகிப் பின்னர் ஒன்றாகும் பீங்கான்.

இக்காலத்தில் பீங்கானை முப்பரிமாண அச்சுமுறையால் படலம் படலமாக உருவாக்குகின்றனர். பீங்கான் துகள் கலந்த பிசினை ஒளியால் இறுகச் செய்வது ஒரு முறை. களியை முறுக்குப் பிழிவதுபோல் பிழிந்து அடுக்குவது மற்றொன்று. முன்னது நுண்வேலைக்கு உகந்தது. பின்னது பருத்த உடலுக்கு. ஒரே பொருளில் இரண்டும் வேண்டப்படும்போதுதான் சிக்கல் எழுகிறது. சூளையில் துகள்கள் நெருங்குவதால் பொருள் சுருங்கும். நீளத்தில் நூற்றுக்கு 15 முதல் 25 வரை சுருங்குவதும் உண்டு. ஒரு துண்டு 20 பங்கும் மற்றது 16 பங்கும் சுருங்குமாயின் இணைப்பு வெடித்துவிடும். ஆகவே துகளின் அளவையும் செறிவையும் இரண்டிலும் ஒத்தமைத்து, அதே துகளாலான குழம்பை இடையே பூசிச் சுடுமுன்னரே சேர்ப்பர். சுட்டபின் சேர்ப்பதாயின் கண்ணாடியையோ உலோகக் கலவையையோ இடையே உருக்கிவிடுவர்.

தமிழகத்து அய்யனார் குதிரைகளைச் செய்யும் வேளார் இதனை நன்கு அறிவர். சக்கரத்தில் வனைந்த உறுப்பும் கையால் கட்டிய உறுப்பும் அங்கே ஓருடலாகின்றன. மண்ணில் மணலும் உமியும் கலப்பர். கீழ்ப்பகுதி மேற்பகுதியைத் தாங்குமளவு உலரக் காத்திருப்பர். மிக உலர்ந்தால் பற்றாது. 'சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டுமா?' என்பதை இன்று பொருந்தா உறவுக்குச் சொல்கிறோம். அது முதலில் குயவர் தொழிலறிவு.

எனவே எல்லா வகைச் சேர்க்கையையும் 'ஒட்டுதல்' என்றெழுதும் கலைச்சொற் பட்டியல் மாணவரை ஏமாற்றும். பச்சையில் சேர்ப்பது மட்டுமே 'ஒட்டு' ஆகட்டும். ரப்பர்க் கன்றில் மொட்டு வைத்துக் கட்டுவதும் ஒட்டுத்தானே! அங்கும் பச்சையோடு பச்சை சேர்கிறது. இடைப்பொருளை உருக்கிச் சேர்ப்பதற்குப் 'பற்றவைப்பு' என்னும் பட்டறைச் சொல் முன்னரே உண்டு.

'அச்சு' என்னும் சொல்லிலும் நமக்கு நிறைவில்லை. அதைக் கேட்ட மாணவர் வார்ப்பச்சையே நினைப்பர். இம்முறையிலோ வார்ப்பச்சே கிடையாது. 'அடுக்கி வனைதல்' என்பதை நாம் முன்வைக்கிறோம். ஆசிரியர்கள் வகுப்பில் இச்சொல்லைச் சொல்லி, மாணவரைப் படம் வரையச் சொல்லுங்கள். அவர்கள் வரைவது பானையா, அச்சுப்பொறியா என்பதை நமக்கு எழுதியனுப்புங்கள்.