இடித்துரைக்கும் நட்பு



நாலடியாரில் நட்பைப் பற்றிய மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. நட்பாராய்தல் முதலில் நிற்கிறது, நட்பிற் பிழைபொறுத்தல் அதனைத் தொடர்கிறது, அதன்பின் கூடாநட்பு. இவ்வைப்பு முறையே சிந்திக்கத்தக்கது. ஆராய்ந்து கொண்ட நட்பில்தான் பிழை பொறுத்தல் கடமையாகிறது. ஆராயாது கொண்ட நட்பில் பொறுமை காட்டுவது, கரையான் அரித்த தூணுக்கு வண்ணம் பூசுவதை ஒக்கும்.

ஆராயாமைக்குக் கொடுக்கும் விலையைத் திருத்தக்கதேவர் சீவக சிந்தாமணியின் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார். ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன் கொடியவன் அல்லன். விசயையின்மீது கொண்ட காதல் மிகுதியால் ஆட்சிப் பொறுப்பைக் கட்டியங்காரனிடம் ஒப்படைக்கத் துணிந்தான். தகாது என்று அமைச்சர் தடுத்துரைத்தனர். தன் விருப்பத்திற்கு இசைந்தவன் நண்பனாகத் தோன்றினான். தடுத்தவர் இடையூறாகத் தோன்றினர். நாடும் போயிற்று, உயிரும் போயிற்று. மயிற்பொறியில் ஏறித் தப்பிய விசயை சுடுகாட்டில் மகனை ஈன்றாள்.

அம்மகன் இழந்ததை மீட்டது தோள்வலியால் மட்டும் அன்று. வணிகன் கந்துக்கடன் இல்லத்தில் உடன் வளர்ந்த நந்தட்டனும், பதுமுகன், புத்திசேனன் முதலிய தோழரும் அவனுக்கு வாய்த்திருந்தனர். சீவகன் ஊரை விட்டு மறைந்திருந்த காலத்தில் அவனைத் தேடிப் புறப்பட்ட தோழர், வழியில் தவப்பள்ளியில் நோற்றிருந்த விசயையைக் கண்டனர். பிறந்த நாளிலேயே பிரிந்த தாயை மகன் சேர்ந்தது அவர்கள் வாயிலாகத்தான். இறுதியில் சீவகன் அரசு துறந்தபோது அவர்களும் உடன் துறந்தனர்.

துறவிலும் நட்புக்கு வேலை உண்டு. சிரேணிக மன்னன் மகன் வாரிசேனன் வரலாறு நம் இல்லங்களில் அறியப்பட்டதே. அவனோடு துறவு பூண்ட நண்பன் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும் மனைவியை மறக்க இயலாமல் தவித்தான். வாரிசேனர் அவனை வெறுக்கவில்லை; அறிவுரை கூறி அலுக்கவைக்கவும் இல்லை. தம் பழைய அரண்மனைக்கே அழைத்துச் சென்று, தாம் விட்டு வந்த மனைவியரை அணிகலன்களோடு வரச்செய்து, இவையெல்லாம் வேண்டுமாயின் எடுத்துக்கொள் என்றார். நண்பன் நாணித் தவத்தில் நிலைபெற்றான். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் நிலைநிறுத்தலுக்குச் சான்றாக வாரிசேனர் போற்றப்படுவது இதனாலேயே.

இன்று வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பகுதி ஊர்களிலிருந்து பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கல்விக்காகவும் பணிக்காகவும் செல்கின்றனர். புறப்படும்போது பல பெற்றோர் கூறும் எச்சரிக்கை, நம்மவரோடு மட்டும் பழகு என்பதே. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பொழுது சாய்வதற்குள் உண்ணும் வழக்கத்தை விடுதியில் தனி ஒருவராகக் காப்பது எளிதன்று. ஆயினும், நம்மவன் ஒருவனே இரவு விருந்துக்கு இழுத்துச் செல்வதும், வேற்றுச் சமயத் தோழன் ஒருவன், பொழுது போகிறது, நீ முதலில் சாப்பிட்டு வந்துவிடு என்று நினைவூட்டுவதும் நடக்கக்கூடியவையே. நல்லினம் சேர்தல் என்று நாலடியார் பேசுவதைப் பிறப்பின் எல்லைக்குள் சுருக்கிவிட்டால் பொருள் கெட்டுவிடும்.

சுருக்கியிருந்தால் சிந்தாமணியும் உ.வே. சாமிநாதையர் வழியாக அச்சேறியிராது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த ஆண்டிலேயே, 1880 அக்டோபர் 21 அன்று, அவர் சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். அப்போது ஐயருக்கு வயது 25. முதலியார் அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் ஐயர் அடுக்கிச் சொன்னார். கேட்டவர் முகம் மலரவில்லை. இவற்றால் என்ன பயன் என்று வினவி, சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றார். புகழ்ச்சியை எதிர்பார்த்துச் சென்ற இளைஞர் எவரும் அத்துடன் அவ்வீட்டு வாயிலை மறந்துவிடக்கூடும். ஐயரோ, மனம் சுருங்கினும், மீண்டும் சென்றார். முதலியாரே சிந்தாமணிப் பிரதியைத் தேடிக் கொடுத்தார். பிற்பாடு அதனைப் பதிப்பிக்கவும் தூண்டினார்.

பிரதி கிடைத்தும் வழி திறக்கவில்லை. சைவ மடத்தில் பயின்றவருக்குச் சமண நூற் சொற்கள் விளங்கவில்லை. அவ்வூர்ச் சமண இல்லங்களைத் தேடிப் போனார். அங்கே ஓரில்லத்தில் மாவிலைத் தோரணமும் கோலமும் கண்டு, என்ன விசேஷம் என்று கேட்டார். சிந்தாமணி படித்து நிறைவுற்ற நாள் என்றனர். எங்கும் கிடைக்காது என்று அவர் எண்ணியிருந்த நூல், சில தெருக்களுக்கு அப்பால் பரம்பரையாகப் படிக்கப்பட்டும் கேட்கப்பட்டும் வந்தது. சந்திரநாத செட்டியார், வீடூர் அப்பாசாமி நயினார் முதலியோர் அவருக்கு ஐயம் தீர்த்தனர். சமயம் வேறு என்று அவரைத் திண்ணையோடு திருப்பி அனுப்பியிருந்தாலும் குறைகூற ஆளில்லை. அவர்கள் உள்ளே அழைத்து அமரச் செய்து, அருகன் திருநாமங்களையும் வினைகளின் வகைகளையும் பொறுமையோடு விளக்கினர். 1887இல் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் முழுமையாக வெளிவந்தது.