கடைக் கண்ணாடியில் எழுதிய பனி

பண்டிகை நெருங்கிற்றென்றால் கடைவீதி புதுக்கோலம் பூணுவது எந்நாட்டிலும் உள்ள வழக்கம். வாழைக்கன்றும் மாவிலைத் தோரணமும் கட்டிய வாயில்களைப் பார்த்து வளர்ந்த நாம், இன்று குடியேறி வாழும் நகரங்களில் வேறொரு காட்சியையும் காண்கிறோம். டிசம்பர் பிறந்ததும் மும்பையிலும் பெங்களூரிலும் சில கடைக்காரர்கள் பஞ்சைப் பிய்த்துக் கண்ணாடியில் ஒட்டி, வெண்பனி பெய்துவிட்டதாகப் பாவனை செய்கிறார்கள். பனி பெய்யாத ஊரில் பஞ்சு வேண்டியிருப்பதில் வியப்பில்லை. ஆனால் முழங்கால் அளவு மெய்யான பனி வீதியில் கிடக்கும்போதே, கடைக் கண்ணாடியில் தூரிகை கொண்டு பனி எழுதும் ஊர்கள் அமெரிக்க ஐக்கிய நாட்டில் உண்டு. அச்சிற்றூர்க் கடைவீதிகளின் ஓவியங்களைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

அகன்ற ஒரு வீதி. இருமருங்கிலும் இரண்டு மூன்று அடுக்குச் செங்கற் கட்டடங்கள். கீழ்த்தளத்தில் மருந்துக் கடை, இரும்புச் சாமான் கடை, முடிதிருத்தும் நிலையம், ரொட்டிக் கடை. ஒவ்வொன்றின் முகப்பிலும் ஆளுயரத்திற்கு மேற்பட்ட கண்ணாடி. அங்கே ஊரின் நடுப்பகுதி என்றால் இதுதான். பெரிய கண்ணாடித் தகடுகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலிவடைந்த பிறகு, கண்ணாடியை அலங்கரிப்பதே ஒரு தொழிலாயிற்று. 1897இல் சிகாகோ நகரில் இதற்கென்றே ஒரு பத்திரிகை தோன்றியது. அதன் ஆசிரியர் பிராங்க் பாம். ஆஸ் நாட்டு மந்திரவாதியின் கதையை எழுதி உலகக் குழந்தைகளை மகிழ்வித்தவர் இவரே. அக்கதை வெளிவந்த 1900ஆம் ஆண்டிலேயே, துணிக்கடைக் கண்ணாடிகளை அலங்கரிக்கும் முறை பற்றியும் ஒரு நூல் எழுதி வெளியிட்டார்.

ஆனால் நாம் சொல்லவந்தது பெருநகர வணிகர்களின் ஆடம்பரமன்று. சிற்றூர்க் கண்ணாடியில் சித்திரம் ஏறியதற்கு ஒரு காரணம், சிறுவர்களிடம் பெரியவர்களுக்கு இருந்த அச்சம்.

அக்டோபர் 31ஆம் நாள் இரவு அங்கே ஹாலோவீன். சிறுவர் வேடம் புனைந்து வீதியில் திரியும் இரவு. தோட்டத்துக் கதவைப் பெயர்த்தெடுத்து எங்கேனும் மாட்டிவிடுவதும், மாடுகளை அவிழ்த்துவிடுவதும் அன்றைய குறும்புகள். கடைக் கண்ணாடியைச் சோப்புக் கட்டியால் கிறுக்கிப் பாழாக்குவது எல்லோருக்கும் எளிது. மறுநாட் காலை கடைக்காரர் வாளியும் துணியுமாக நின்று மனம் நொந்துகொள்வார். 1930களின் பொருளாதார நெருக்கடியில் இக்குறும்பு முற்றிப் பல ஊர்களில் கண்ணாடியை உடைக்கும் அளவுக்குச் சென்றது. காவலரைக் கூட்டினார்கள், எச்சரித்தார்கள், ஏசினார்கள். மின்னசோட்டா மாநிலத்து அனோகா என்னும் ஊராரோ 1920லேயே வேறு வழி கண்டிருந்தனர். சிறுவர்களுக்கு ஊர்வலமும் தின்பண்டமும் ஏற்பாடு செய்து, குறும்புக்கு நேரமில்லாமற் செய்தார்கள்.

பின்னர் வேறு பல ஊர்களின் வர்த்தக சங்கத்தார் இன்னும் ஓரடி முன்சென்றனர். யாருடைய கைக்கு அஞ்சிக் கண்ணாடியைக் காத்தார்களோ, அவர்கள் கையிலேயே வண்ணத்தையும் தூரிகையையும் கொடுத்து, “இந்தக் கண்ணாடி உனக்கு, எழுது” என்று விட்டார்கள். முக்கியமாக இரண்டாம் உலகப்போருக்குப் பின் இந்தச் சாளர ஓவியப் போட்டி ஊர்தோறும் பரவிற்று. பள்ளிப் பிள்ளைகள் முதலில் காகிதத்தில் மாதிரி வரைவார்கள். தேர்ந்தவர்களுக்கு இன்ன கடை என்று ஒதுக்கப்படும். எழுதி முடித்தபின் நடுவர்கள் வீதியைச் சுற்றிவந்து சிறு பரிசளிப்பார்கள். தான் எழுதிய பூசணிக்காய் இருக்கும் கண்ணாடியில் ஒரு பையன் சோப்புத் தேய்ப்பானா? பிறன் தேய்க்க வந்தாலும் விடமாட்டான். பிள்ளையின் கைவண்ணத்தைக் காணத் தாய் வருவாள், தாத்தா வருவார், வந்தவர்கள் உள்ளேயும் நுழைவார்கள். கடைக்காரருக்கு அதனால் வந்த இலாபத்தையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

வேற்றூரில் குடியேறியவர்க்கு இது சிறிய செய்தியன்று. நாமும் வந்த புதிதில், மொழி தெரியாத கடைவீதியைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதானே பார்த்தோம்? நம்மவர் ஒருவர் அங்கே கடை திறந்தபோதும், ஊரார் அவர் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்தனர். அக்கண்ணாடியை அவ்வூர்ப் பிள்ளைகளிடம் ஒரு வாரம் ஒப்படைக்கும் துணிவு நமக்கு வந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்கிறோம். வந்திராது என்றே தோன்றுகிறது.

இனி எழுதும் முறை. வெளிப்புறத்தில் எழுதினால் வேலை எளிது. ஆனால் மழையும் பனியும் அதைத் தின்னும். உட்புறத்தில் எழுதினால் நிலைக்கும். ஆனால் எழுத்துக்களையெல்லாம் இடம் வலமாக மாற்றி எழுத வேண்டும். வண்ணம் இடும் வரிசையும் தலைகீழாகும். வெளிப்புறத்தில் முதலில் வெள்ளை பூசி அதன்மேல் வண்ணம் ஏற்றுவர். இல்லாவிடில் வண்ணம் கண்ணாடியில் கலந்து மங்கிவிடும். உட்புறத்திலோ கண்ணின் ஒளிப்பொட்டும் மெல்லிய கோடுகளும் முதலில், பின்னணி கடைசியில். இந்த வரிசை தமிழர்க்குப் புதிதன்று. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தில் இறைவனின் திருமேனியும் இவ்வாறே பின்புறமிருந்து எழுதப்படுகிறது. அது பூசையறைக்கு, தலைமுறைகளுக்கு. இது சில வாரங்களுக்கு. ஆகவே நீரில் கரையும் டெம்பரா வண்ணத்தில், துடைக்கும்போது எளிதில் வரட்டும் என்று, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தில் சில துளி சேர்ப்பார்கள். கண்ணாடியைக் கெடுத்த சோப்பே இங்கே காக்கவும் வருகிறது!

கிறிஸ்துமஸ் ஓவியமோ பெரும்பாலும் கைதேர்ந்தவர் வேலை. விளம்பரப் பலகை எழுதுவோர் நவம்பரிலேயே வீதி வீதியாகப் பேசி முடித்து, ஒரு நாளில் பல கடைகளை எழுதிவிடுவர். பனிமனிதன், மணி, மெழுகுவத்தி, செந்நிறக் கனியுடன் ஹாலி இலை, வாழ்த்து வாசகம். வெளியே நின்று எழுதுகையில் குளிரில் வண்ணம் உறையாதிருக்கச் சாராயச் சத்தைக் கலப்பதும் உண்டு. கண்ணாடி முழுவதையும் கரிய வண்ணத்தால் மூடுவதை அறிந்தவர்கள் தவிர்ப்பார்கள். வெயில் பட்ட இடம் சூடேறி, ஓரம் குளிர்ந்தே நின்றால் கண்ணாடி விண்டுபோகும். வீடுகளிலோ 1950களில் வேறொரு வேடிக்கை நடந்தது. கண்ணாடி துடைக்க விற்ற திரவத்தை, வெட்டுத்தாளின் வழியே ஒற்றினால் வெண்மையாய் உலர்ந்து நட்சத்திரமும் மானும் தோன்றும். பண்டிகை முடிந்து துடைத்தால் அழுக்கும் சேர்ந்து போகும். தாய்மார்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

1956இல், அனோகாவிற்கு அதிகத் தொலைவில்லாத ஈடைனா நகரில், சௌத்டேல் என்னும் வணிக வளாகம் திறக்கப்பட்டது. பல கடைகளை ஒரே கூரையின்கீழ் முற்றிலும் மூடி அமைத்த முதல் அமெரிக்க வளாகம் என்று அதைச் சொல்வர். மோட்டார் நிறுத்த இடம், குளிர் புகாத நடைபாதை. இத்தகைய வளாகங்கள் பெருகியதும் சிற்றூர்களின் கடைவீதிகள் ஒவ்வொன்றாக விளக்கணைந்தன. பழைய வீதிகளுக்கு உயிரூட்ட 1977இல் ஒரு முயற்சி மூன்று ஊர்களில் தொடங்கி, 1980இல் நாடளாவிய நிலையமாயிற்று. அதற்குப் பிறகும் எத்தனையோ கடைகள் காலியாகவே கிடந்தன. கணினி வெட்டும் ஒட்டுப்படம் வந்து தூரிகைக்காரர் பிழைப்பையும் குறைத்தது. நம் ஊர்ப் பெயர்ப்பலகை எழுத்தாளர்களை ‘ஃபிளெக்ஸ்’ ஒழித்தது போலத்தான்.

இருந்தும் வழக்கம் அற்றுப்போகவில்லை. சில ஊர்களில் பூட்டிய கடையின் கண்ணாடியையும் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிறார்கள். உள்ளே வெறும் அலமாரியும் தூசியும். முகப்பில் சிரிக்கும் பனிமனிதன். பண்டிகை முடிந்து ஜனவரி வந்ததும், சவரத்தகட்டால் சுரண்டி, வெந்நீர் விட்டுக் கழுவுகிறார்கள். சரியாகக் கழுவாத இடத்தில், அடுத்த குளிர்காலம் கண்ணாடியில் ஆவி படியும்போது, சென்ற ஆண்டு எழுதிய மணியின் கோடு மங்கலாகத் தெரிவதுண்டு.