பொதுத் தோட்டத்து மண்

சொந்த ஊரை விட்டு வந்து குடியேறியவர்களுக்குக் கையகலக் கீரைப் பாத்தி ஒன்று வாய்த்தாலும் பாதி ஊர் திரும்பக் கிடைத்தது போலத்தான். தில்லியிலும் மும்பையிலும் குடியிருப்புகளுக்கு நடுவே எஞ்சிய நிலத்தைப் பலர் கூடிப் பொதுத் தோட்டமாக்கி, வெண்டையும் தண்டுக்கீரையும் பயிரிடுகின்றனர். நல்ல முயற்சிதான். ஆயினும், விதை ஊன்றுமுன் ஒன்றைக் கேட்டறிதல் வேண்டும்: இந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது?

வளமான மண் வேறு. தூய மண் வேறு. 2015-இல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்தில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, அங்ககக் கரிமம் முதலிய 12 கூறுகள் சோதிக்கப்படுகின்றன. அவை பயிருக்கு வேண்டியவை. ஈயம் அவற்றுள் இல்லை. செடி செழித்திருப்பதைக் கொண்டு மண்ணில் நஞ்சில்லை என்று முடிவு கட்டலாகாது.

ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் ஒழிந்தது. வண்ணப்பூச்சில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்னும் விதி 2017-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கு முன் மேல்மண்ணில் படிந்த ஈயம் மக்குவதில்லை, அங்கேயே தங்கிவிடுகிறது. பழைய சுவரோரமும், வண்டிகள் ஓயாத சாலையோரமும், பழைய மின்கலங்களை உடைத்த இடமும் ஐயத்துக்குரியவை. அத்தகைய நிலமாயின், உலோகங்களுக்கென்று தனியே சோதிக்குமாறு ஆய்வுக்கூடத்தில் கேட்டுப் பெறுங்கள்.

செடி வழியாக வருவதைவிட, கையிலும் இலையிலும் ஒட்டிய மண் வழியாகவே ஈயம் பெரிதும் உடலில் சேர்கிறது. சமைப்பதால் அது அழியாது. கத்தரி, வெண்டை, தக்காளி போன்ற காய்களில் ஈயம் சேர்வது குறைவு. கீரையிலும் முள்ளங்கியிலும் மிகுதி. ஆகவே ஐயமுள்ள இடத்தில் காய்ச்செடிகளையே வையுங்கள். கீரை வேண்டுமாயின், தூய மண் கொணர்ந்து மேட்டுப்பாத்தி அமையுங்கள். மக்கிய எரு ஈயத்தைப் பற்றிக்கொண்டு, அது வேருக்குச் செல்வதைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. வெற்று மண்ணைச் சருகிட்டு மூடினால் புழுதி அடங்கும்.

இவ்வளவு கவலை எதற்கென்றால், தோட்டத்தில் முதலில் மண்ணளைவது குழந்தை. மண் படிந்த விரலை வாயில் வைப்பதும் அக்குழந்தையே. மூளை வளரும் பருவத்தில் ஈயம் இவ்வளவு வரை தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை. எனவே மண்ணைத் தொட்ட கையைக் கழுவிய பிறகே உணவைத் தொட வேண்டும் என்பதைத் தோட்டத்தின் முதல் விதியாகக் கொள்ளுங்கள்.