கலங்கிய நீர் யாருக்கு?
(வானொலி மறையுரை)



எசேக்கியேல் நூலின் 34ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் நல்ல ஆயனைப் பற்றிய பகுதியாகவே கேட்கிறோம். ஆயர்களைக் கண்டித்த ஆண்டவர், அடுத்து ஆடுகளையும் விசாரிக்கிறார் என்பதை மறந்துவிடுகிறோம். கொழுத்த ஆடுகள் தெளிந்த நீரைக் குடித்தன, அதில் குற்றமில்லை. குடித்து முடித்தபின் எஞ்சிய நீரைக் காலால் கலக்கிவிட்டுப் போயின. பின்னால் வந்த ஆடுகளுக்கு அந்தக் கலங்கல்தான் கிடைத்தது. ஆண்டவரின் சினம் அங்கேதான் எழுகிறது.

இதே பகுதியை இன்று ஒரு கடற்கரையில் நின்று வாசிப்போம். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் கார்ன்வால் இருக்கிறது. அங்கே செயின்ட் ஆக்னஸ் என்று ஓர் ஊர். நற்கருணை மன்றாட்டில் நாம் பெயர் சொல்லி நினைவுகூரும் அதே மறைசாட்சி ஆக்னசின் பெயர். பலகைமேல் நின்று அலையில் சறுக்கி விளையாடும் இளைஞர்கள் நிறைந்த கடற்கரை அது. 1990ஆம் ஆண்டு அவர்கள் கூடி ஓர் இயக்கம் தொடங்கினார்கள். ‘கழிவுநீரை எதிர்க்கும் அலைச்சறுக்காளர்கள்’ என்பதே அதன் பெயரின் பொருள். அந்நாளில் ஊர்க் கழிவு சரிவரச் சுத்திகரிக்கப்படாமலே குழாய் வழியாகக் கடலுக்குள் விடப்பட்டது. அலையாடிவிட்டுக் கரையேறியவர்களுக்குக் காதுவலி, தொண்டைப்புண், வயிற்றுப்போக்கு. ரப்பர் நீச்சலுடையும் நச்சுவாயு முகமூடியும் அணிந்து, பலகையோடு போய்ப் போராடினார்கள். விளையாட்டுப் பிள்ளைகளின் வேலை என்று தோன்றலாம். ஆனால் அவர்கள் பேசியது, தங்கள் வாய்க்குள் போன தண்ணீரைப் பற்றி.

அதன்பின் சட்டங்கள் வந்தன, சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, கடற்கரைகள் ஓரளவு தெளிந்தன. முழுதும் தீரவில்லை. அந்நாட்டின் பல ஊர்களில் மழைநீரும் கழிவறை நீரும் இன்றும் ஒரே குழாயில்தான் ஓடுகின்றன. பெருமழை பெய்தால் குழாய் தாங்காது. கழிவு வீடுகளுக்குள் திரும்பி ஏறாமலிருக்க, மிகுந்ததை அப்படியே ஆற்றிலும் கடலிலும் விட்டுவிடுகிறார்கள். 2023இல் இங்கிலாந்தில் மட்டும், எல்லா வடிகால்களையும் சேர்த்தால், இப்படிக் கழிவு வழிந்த நேரம் 36 இலட்சம் மணி. வேதனை என்னவென்றால், நல்ல அலையைக் கொண்டுவருவதும் அதே புயல்தான். அலைக்காகக் காத்திருந்தவர் இறங்கும் நாளும் கழிவு இறங்கும் நாளும் ஒன்றாகிவிடுகின்றன. அதிலும் பெரிய அலைகள் குளிர்காலத்தில். அரசு குளிக்கும் துறைகளின் நீரைச் சோதிப்பதோ மே முதல் செப்டம்பர் வரை!

2018இல் எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செஃபோடாக்சிம் என்ற நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்துக்கு அடங்காத ஈ.கோலை கிருமி, அலைச்சறுக்காளர்களில் நூற்றுக்கு 9 பேரின் குடலில் இருந்தது. மற்றவர்களில் நூற்றுக்கு 3 பேரிடம்தான். சாதாரணமாக நீந்துகிறவரைப்போலப் பத்து மடங்கு கடல்நீரை இவர்கள் விழுங்குகிறார்களாம். இத்தகைய கிருமிகள் மனிதக் கழிவோடும், பண்ணைகளிலிருந்து வடியும் சாணத்தோடும் கடலுக்கு வருகின்றன. எங்கோ ஒரு வீட்டில் தண்ணீரை ஊற்றி அனுப்பிவிட்டதாக ஒருவர் நினைத்தது, இன்னொருவரின் குடலில் போய்த் தங்கியிருக்கிறது.

கூவமும் அடையாறும் கடலில் சேரும் முகத்துவாரங்களில் வலை வீசுகிறவர்களுக்கு நாம் இதை விளக்கத் தேவையில்லை. பலகை வைத்திருப்பவர் தண்ணீர் சரியில்லை என்று தெரிந்தால் அன்று வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். வலை வைத்திருப்பவருக்கு அந்த வசதி ஏது? ஏழைகளுக்குக் கிடைக்கும் தண்ணீர் எத்தகையது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில் கவலைப்பட்டது இவர்களை வைத்துத்தான் என்று நாம் எடுத்துக்கொண்டாலும் தவறில்லை.

நாம் தெளிந்த நீரைக் குடித்துவிட்டோம். எஞ்சியதை என்ன செய்கிறோம்? பொரித்த எண்ணெயை அங்கணத்தில் ஊற்றுகிறோம். மிச்சமான மாத்திரைகளைக் கழிவறையில் போடுகிறோம். மழைநீர்க் கால்வாயில் இரவோடு இரவாகக் கழிவுநீர் லாரி காலியாவதைப் பார்த்தும், நமக்கெதற்கு என்று கதவைச் சாத்துகிறோம்.

இந்த வார அன்பியக் கூட்டத்தில் செபமாலை முடிந்ததும் ஒன்றை மட்டும் பேசுங்கள்: நம் தெருச் சாக்கடை எங்கே போய் முடிகிறது? யாருக்கும் தெரியவில்லையென்றால், இரண்டு பேர் திங்கட்கிழமை நகராட்சி அலுவலகத்துக்கோ ஊராட்சி அலுவலகத்துக்கோ போய்க் கேட்டு வாருங்கள். முடிந்தால் ஒரு மீனவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.