ஒரே சாவி

(தலைப்பு: சுற்றுலாவில் மனம் நிறைவது வசதியான விடுதியிலா, வெட்டவெளியிலா? 'வெட்டவெளியிலே' என்ற அணியில் ஆற்றிய உரை.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் சொன்னார்கள்: "சுற்றுலா என்றால் வெந்நீர் வர வேண்டும், மெத்தை இருக்க வேண்டும், மணி அடித்தால் காபி வர வேண்டும்." நான் கேட்கிறேன், அம்மா, இதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறதே! மணி அடித்தால் காபி வராது, அது ஒன்றுதான் வித்தியாசம். (சிரிப்பு)

ஐயா, நானும் ஒரு காலத்தில் அந்த அணிதான். ஊர் ஊராகப் போய்ப் பட்டிமன்றம் பேசுகிறவன். எந்த ஊரில் இறங்கினாலும் என் முதல் கேள்வி, "ரூம்ல வெந்நீர் வருமா?" அப்படிப்பட்டவனை அணி மாற வைத்தவன் என் மகன்.

அவன் கலிபோர்னியாவில் வேலை பார்க்கிறான். 2023 மே மாதம் நானும் என் துணைவியாரும் போனோம். "ரெண்டு நாள் மலைக்குப் போறோம்பா" என்றான். வாசலில் ஒரு வேன் நிற்கிறது. பின் சீட்டையெல்லாம் கழற்றிவிட்டுப் பலகையடித்து மெத்தை போட்டிருக்கிறான். ஒரு அடுப்பு, தண்ணீர் கேன், பின்னால் இரண்டு சைக்கிள். "ரூம் எங்கடா?" என்றேன். "இதுதாம்பா ரூம்" என்றான். துணைவியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதவுரை, பொழிப்புரை எல்லாம் எனக்குத் தெரியும். (சிரிப்பு)

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினால் மரின் என்று ஒரு மாவட்டம். அங்கே ஒரு மலை, பெயர் தமால்பைஸ். தமிழ்ப் பேராசிரியனுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் சும்மா இருக்க முடியுமா? "தமிழ் இங்கேயும் வந்திருக்குடா!" என்றேன். "அப்பா, அது மிவோக் பழங்குடி மக்களோட சொல்லு. விட்டுடுங்க" என்றான். விட்டுவிட்டேன். (கைதட்டல்)

இன்றைக்கு உலகமெல்லாம் ஓடுகிற மலைச் சைக்கிள் வளர்ந்தது அந்த மலையைச் சுற்றித்தான். 1970களில் அங்கிருந்த இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலைமேல் ஏற்றினார்கள். 1976 அக்டோபரில் ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்திலே பந்தயம் வைத்தார்கள். சுமார் இரண்டு மைலில் 1,300 அடி இறக்கம்! பெடலைப் பின்னுக்கு மிதித்தால் நிற்கிற பிரேக். கீழே வருவதற்குள் பின்சக்கர ஹப்பில் இருக்கிற கிரீஸ் சூட்டில் உருகிப் புகையாகப் போய்விடும். பிரித்து மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். மறுபடி அடைப்பதை ஆங்கிலத்தில் 'ரீபேக்' என்பார்கள். பந்தயத்துக்கும் பாதைக்கும் அதுவே பெயராகிவிட்டது. அதில் ஓடிய ஜோ பிரீஸ் என்பவர்தான் பிறகு மலைக்கென்றே புதிதாகச் சைக்கிள் கட்டியவர். எதிரணி நண்பர்களே, இவர்கள் எல்லாம் ஏசி அறையில் படுத்திருந்தால் இது பிறந்திருக்குமா?

நாங்கள் தங்கியது சாமுவேல் பி. டெய்லர் பூங்காவில். வானத்தை மறைக்கிற செம்மரக் காடு. நம்ம ஊர்ச் செம்மரம் இல்லை, ரெட்வுட். அங்கே பழைய ரயில் பாதை ஒன்றைச் சமதரையாக ஆக்கி விட்டிருக்கிறார்கள். "ஏறுங்கப்பா" என்று சைக்கிளைக் கொடுத்தான். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. சைக்கிளைத் தொட்டு இருபது வருஷம். என்ன செய்தான் தெரியுமா? சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தான். "நேராப் பாருங்க, நான் பிடிச்சிருக்கேன்" என்றான். ஐயா, அது நான் அவனுக்குச் சொன்ன வார்த்தை! அவனுக்கு ஏழு வயதாக இருக்கும்போது தெருவில் ஓடி ஓடி நான் சொன்ன வார்த்தை!

ராத்திரி வேன் மெத்தை மாமியாருக்கும் மருமகளுக்கும். ஐ.நா. சபையால் முடியாததை அந்த வேன் முடித்து வைத்தது. (சிரிப்பு) எனக்கும் மகனுக்கும் வெளியே கூடாரம். முதுகுக்குக் கீழே ஒரு வேர். செல்போனில் ஒரு கோடுகூட வரவில்லை. டி.வி. இல்லை. பேசுவதைத் தவிர வேறு வழியில்லை.

இருட்டுக்குள்ளிருந்து கேட்டான்: "அப்பா, அந்தச் சாவி இன்னும் இருக்கா?"

எனக்கு உடனே விளங்கியது. அவன் பிளஸ் டூ படிக்கும்போது, படிப்பு கெடுகிறது என்று அவன் சைக்கிளைப் பூட்டிச் சாவியைப் பீரோவில் வைத்தேன். பரீட்சை முடிந்ததும் தருகிறேன் என்றேன். பரீட்சை முடிந்தது, கல்லூரி முடிந்தது, விமானம் ஏறிப் போயும் விட்டான். சாவி பீரோவிலேயே இருந்தது. "இருக்குடா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "நீங்க மேடையில பேசுறதை நிறையக் கேட்டிருக்கேன்பா. எங்கிட்ட இவ்வளவு நேரம் பேசினது இன்னைக்குத்தான்."

நடுவர் அவர்களே, எத்தனையோ மேடையில் எத்தனையோ பேருக்குப் பதில் சொன்னவன் நான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் மருமகள் மலைப்பாதையில் ஓடப் போனாள். மில் வேலி என்ற ஊரிலிருந்து ஸ்டின்சன் கடற்கரை வரைக்கும் டிப்சி பாதை. ஏழரை மைல். நமக்கு ஏழரை என்றாலே பயம்! (சிரிப்பு) எடுத்தவுடன் அறுநூறுக்கும் மேல் படிகள். மலையில் தொடங்கி, காட்டுக்குள் இறங்கி, கடலில் முடிகிறது. குறிஞ்சி, முல்லை, நெய்தல், மூன்று திணையும் ஒரே காலைப்பொழுதில்!

அந்தப் பாதையில் 1905 முதல் பந்தயம் நடக்கிறது. அதிலே ஒரு முறை உண்டு. மூத்தவர்களையும் சிறுவர்களையும் சில நிமிடங்கள் முன்னதாகவே ஓட விட்டுவிடுவார்கள். திடகாத்திரமானவன் கடைசியில்தான் கிளம்ப வேண்டும். அதனால் 2010இல் எட்டு வயதுச் சிறுமி ஜெயித்தாள். ஜாக் கிர்க் என்பவர் 1951லும் ஜெயித்தார், 1967லும் ஜெயித்தார், தொண்ணூறு வயது தாண்டியும் ஓடினார். இவனால் எவ்வளவு முடியும் என்று பார்த்து இடம் கொடுக்கிற பந்தயம். நான் என் பிள்ளைக்கு அப்படி இடம் கொடுத்தேனா? என் கோட்டில் நின்று, என் வேகத்தில் ஓடு என்றல்லவா சொன்னேன்! கடற்கரையில் மருமகளுக்காகக் காத்திருக்கும்போது இதை நினைத்தேன். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று முப்பது வருஷம் வகுப்பில் நடத்தியவன், அன்றைக்குத்தான் படித்தேன்.

எதிரணியினர் கேட்கலாம்: "விடுதியிலும் பேசலாமே?" பேசலாம். யார் பேசுகிறார்கள்? உள்ளே நுழைந்ததும் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு சாவி. கதவைச் சாத்தினால் அப்பா ஒரு தீவு, பிள்ளை ஒரு தீவு. வேனுக்கு ஒரே சாவி, ஐயா! அதைத் தொலைத்தால்கூட நாலு பேரும் சேர்ந்துதான் தேட வேண்டும். (கைதட்டல்)

ஊருக்கு வந்ததும் பீரோவைத் திறந்து அந்தச் சைக்கிள் சாவியை எடுத்தேன். துருப்பிடித்திருந்தது. சைக்கிள் எப்போதோ பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது. ஆனாலும் சாவியை ஒரு உறையில் போட்டு அவனுக்கு அனுப்பி வைத்தேன். இப்போது அந்த வேன் சாவியோடு அதுவும் ஒரே வளையத்தில் தொங்குகிறதாம்.

ஆகவே, மனம் நிறைவது விடுதியிலே அல்ல, வெட்டவெளியிலேதான் என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன்.